திருத்தம்

மகளின் வாயை அவன் கை பொத்தியிருந்தது.

கை எப்போது போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

வகுப்பறைக் கம்பளத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்த இருபது பிள்ளைகளும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றாள். அமெரிக்காவில் ஒரு தகப்பன் நாலு பேர் பார்க்கப் பிள்ளையின் வாயைப் பொத்தினால் என்னவெல்லாம் நடக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை.

உள்ளங்கையில் அவள் மூச்சு சுட்டது.

மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, யாராவது ஒரு பெற்றோர் வந்து இரண்டாம் வகுப்புக்குக் கதை வாசிக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம் அது. இந்த மாதம் சாம்பவியின் அப்பா. அரைநாள் லீவு போட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தான். புத்தகத்தை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். ஒரு அணிலின் கதை.

போயும் போயும் அணில்.

ஸ்குவிரல் என்ற அந்தச் சொல் இருபது வருஷமாக அவனுக்கு வசப்படவில்லை. அந்த ஊர்க்காரர் வாயில் அது தொண்டைக்குள்ளேயே சுருண்டு முடிந்துவிடும். அவன் வாயில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக இறங்கி நடக்கும். ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் சாம்பவி பாடம் நடத்தினாள். நாக்கு மேலே படக்கூடாது, உதட்டைக் குவிக்க வேண்டும். அவன் பிழைவிடும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். வயது போனபின் பிறந்த ஒரே பிள்ளை. அவள் திருத்தத் திருத்த அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

அது வீட்டில்.

இங்கே, மூன்றாம் பக்கத்தில், நாக்கு பழைய வழிக்கே போய்விட்டது. முன்வரிசையில் ஒருவன் தொடங்க, எல்லாப் பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள். அவசரமில்லை, இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள் என்று ஆசிரியை அன்பாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற சாம்பவி வீட்டு ஞாபகத்தில் தமிழில் சொன்னாள்.

“அப்பிடி இல்லை, அப்பா.”

அவ்வளவுதான். கை போய்விட்டது.

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில், கொழும்பில், இதே மூன்று சொற்களை அவன் சொன்னான். அப்போது அவனுக்கு ஏழு வயது.

அவனும் அப்பாவும் போன பஸ்ஸை மறித்து ஏறியவர்களின் கையில் பொல்லுத்தடிகள் இருந்தன. தமிழரைப் பிரித்தெடுக்க அவர்களிடம் ஒரு வழி இருந்தது. வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார்கள். தமிழ் நாக்கு அந்தச் சொல்லின் முதல் எழுத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

அவனுடைய அப்பா மெல்லச் சொன்னார்.

கேட்டவனுக்குச் சந்தேகம். நிச்சயமில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

தெருவில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன் இவன். வீட்டில் அப்பாவின் சிங்களத்தைத் திருத்துவது இவன் வேலை. திருத்தும்போதெல்லாம் அப்பா சந்தோஷமாகத் தலையைத் தடவுவார். அந்தப் பழக்கத்தில், அப்பாவுக்கு உதவி செய்கிறோம் என்றே நினைத்து, சொல்லிவிட்டான். தமிழில். சொன்னதோடு விடாமல், வாளிக்குரிய அந்தச் சொல்லை அட்சரம் பிசகாமல் சொல்லியும் காட்டினான்.

அப்பாவை இறக்கினார்கள்.

பின் இருக்கையிலிருந்த ஒரு சிங்களப் பெண் அவனை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அவன் தமிழில் பேசியதற்கு என்ன சொல்லிச் சமாளித்தாள் என்பது அவனுக்கு நினைவில்லை. அவனையும் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சுத்தமாகச் சொன்னான். தமிழ்ப் பிள்ளைக்கு அப்படி வராது என்று அவர்களுக்கு அசையாத நம்பிக்கை.

பஸ் புறப்பட்டது.

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னான். மீதியை அவளிடமும் சொல்லவில்லை, பிற்பாடு கட்டிக்கொண்டவளிடமும் சொல்லவில்லை.

இப்போது கையை எடுத்தான். ஒவ்வொரு விரலாகத்தான் எடுக்க முடிந்தது.

சாம்பவி அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ஆசிரியை அவளருகே குந்தி, வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினாள். கண்களை அவனிடமிருந்து எடுக்கவேயில்லை. பிறந்த நாளிலிருந்து அவள் அப்பாவுக்குப் பயந்ததில்லை. இன்று பயந்திருந்தாள்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தைத் திருப்பினான்.

முதல் வரியிலேயே அணில்.

விரல் அந்தச் சொல்லுக்குக் கீழேயே நின்றது.

சாம்பவி புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வரியை வாசிக்கத் தொடங்கினாள். மற்றச் சொற்களெல்லாம் அந்த ஊர்ப் பிள்ளையின் வாயில் வருவதுபோலவே வழுக்கிக்கொண்டு வந்தன. அணிலை மட்டும் அவனைப் போலச் சொன்னாள். எழுத்தெழுத்தாக, அவன் இடறும் இடத்தில் இடறி.

பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்றைக்கு பஸ்ஸில் அப்பாவைப் போலச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

சிரித்தவர்களை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.