மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கம்

"ஏப்பா, உன் ஸ்க்ரூ ஒண்ணு வாஷிங்டனுக்கு வந்துடுச்சு!" அடுப்படியிலிருந்து மார்லிஸ் கத்தினாள்.

"உதைச்சு ஐடஹோவுக்கே அனுப்பு," என்றான் அவள் புருஷன் டெல்பர்ட், மேஜையிலிருந்து தலையைத் தூக்காமலே.

மார்லிஸ் காலால் தள்ளிவிட, ஸ்க்ரூ உருண்டோடித் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பைத் தாண்டிப் போய் நின்றது. அமெரிக்காவின் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே, எல்லைமேல் கட்டிய வீடு; அந்த டேப்தான் மாநில எல்லை. சர்வேயரே வந்து அளந்து ஒட்டியது. அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வாஷிங்டன் மாநிலம். மேஜையும் ஆற்றைப் பார்த்த ஜன்னலும் ஐடஹோ. கல்யாணமான புதிதில் சண்டை வந்தால், "நான் வேற மாநிலத்துக்குப் போறேன்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள் மார்லிஸ்.

இப்போது அந்த மேஜையில் ஒரு வேட்டைத் துப்பாக்கி பாகம் பாகமாகக் கிடந்தது. சனிக்கிழமை மகள் ட்ரினா வருகிறாள். அப்பாவும் மகளும் ஆற்றுக்கு அக்கரையில் மான் வேட்டைக்குப் போவதாகத் திட்டம். கடையில் முழுசாகவே வாங்கியிருக்கலாம். ஆனால் தன் கையால் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியதைத்தான் மகள் கையில் கொடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றான் டெல்பர்ட்.

"இது வேண்டாத வேலை," என்றாள் மார்லிஸ். "இந்த ரகத் துப்பாக்கியை வீட்டுல பாகம் பாகமாச் சேர்த்துப் பூட்டினாலே கேஸாம். கேஸ் ஆச்சுன்னா நீ ஓட்டற ஸ்கூல் பஸ் சாவியைப் பிடுங்கிட்டு உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் நாம என்னத்தைச் சாப்பிடறது?"

"வாஷிங்டன்ல பூட்டினாத்தான் கேஸ். நான் உட்கார்ந்திருக்கிறது ஐடஹோ. இங்க தடையே இல்ல. ரெண்டு மாநிலச் சட்டத்தையும் கரைச்சுக் குடிச்சிருக்கேன், தெரியுமா? முழங்கையைக்கூட உன் பக்கம் நீட்டறதில்ல, பாத்தியா?"

அதென்னவோ உண்மைதான். காபிக் கோப்பையை அவளிடமிருந்து வாங்கும்போதுகூடத் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கையை நீட்டினான்.

"போதும் உன் பெருமை. இன்னிக்குச் சாப்பிட வர்றது யாருன்னு ஞாபகம் இருக்குல்ல?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கதவு தட்டப்பட்டது. மார்லிஸின் தம்பி ரஸ்ஸல், போலீஸ் சீருடையிலேயே வந்து நின்றான். ரெண்டு வருஷம் சியாட்டல் பக்கம் வேலை பார்த்துவிட்டு, போன வாரம்தான் இந்த ஊர் வாஷிங்டன் போலீஸில் சேர்ந்திருந்தான்.

"பழைய ஞாபகத்துல தபால் பெட்டிகிட்டயே வண்டிய நிறுத்திட்டேன்க்கா. அங்கேருந்து நடந்து நடந்து கால் ஓய்ஞ்சு போச்சு," என்று மூச்சு வாங்கினான்.

"தொப்பையைக் குறைடா," என்றாள் மார்லிஸ்.

அவன் கண் மேஜைக்குப் போய்விட்டது. "மச்சான்... அது என்னது?"

மார்லிஸ் கரண்டியோடு இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். டெல்பர்ட்டோ சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"துப்பாக்கிதான். டேப்புக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு நல்லாப் பாத்துட்டுப் பேசு."

ரஸ்ஸல் டேப் வரைக்கும் வந்தான். பூட்ஸ் நுனி அதில் படாமல் நின்று, குனிந்து பார்த்தான்.

"பார்சல் எங்க வந்துச்சு?"

"ஐடஹோக் கடைக்கு. நானே போய் வாங்கி, இதோ இந்தப் பின்வாசல் வழியாத்தான் கொண்டு வந்தேன்."

"எங்க பக்கம் எதையாவது வச்சுப் பூட்டினியா?"

"ஒரே ஒரு ஸ்க்ரூ ஓடி வந்துச்சு. உங்க அக்கா உடனே நாடு கடத்திட்டா."

ரஸ்ஸல் சிரித்துவிட்டான். "பிழைச்சே, போ. டேப்புக்கு இந்தப் பக்கம் மட்டும் பூட்டியிருந்தே, அக்கா புருஷன்னுகூடப் பாத்திருக்க மாட்டேன். வண்டியில ஏத்தியிருப்பேன். அந்தப் பக்கம் கால் வைக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"தைரியம் இருந்தா தாண்டித்தான் வாயேன், பாக்கலாம்!"

மார்லிஸுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் தம்பி தட்டில் கோழி வறுவலைக் குவித்தாள். அவன் டேப்புக்கு இந்தப் பக்கமே ஒரு நாற்காலியைப் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்தப் பக்கம் டெல்பர்ட் கடைசி பாகத்தை எடுத்துப் பொருத்தினான். 'க்ளிக்' என்று சத்தம் கேட்டது.

"முடிஞ்சுது! ட்ரினா பாத்தா துள்ளிக் குதிப்பா!"

"சந்தோஷம் மச்சான்," என்றான் ரஸ்ஸல், கோழிக்காலைக் கடித்தபடி. "அது சரி, தபால் பெட்டியை எதுக்கு அவ்வளவு தூரத்துல கொண்டுபோய் நட்டு வச்சிருக்கீங்க?"

"பெட்டியை யாரு தொட்டா? அது நட்ட இடத்துலதான் இருக்கு. வீட்டைத்தான் நகர்த்தினோம்." டெல்பர்ட்டுக்கு அந்தக் கதையைச் சொல்வதென்றால் கொள்ளைப் பிரியம். "போன வருஷம் ஆத்துல வெள்ளம் வந்துச்சில்ல? வீட்டுக்கு அடியில சக்கரத்தை மாட்டி, டிராக்டரைக் கட்டி, மேட்டுக்கு இழுத்துட்டோம். உங்க வாஷிங்டன் பக்கமாத்தான், மேற்கால ஐநூறு அடி. ஒரு தட்டுகூட உடையல மச்சான்! அவ்வளவு ஏன், இந்த டேப்பையே பாரேன், ஒட்டின இடத்தைவிட்டு இம்மிகூட நகரல!"

ரஸ்ஸல் தட்டைக் கீழே வைத்தான். எழுந்தான். டேப்பைத் தாண்டி வந்தான்.