முப்பத்தைந்துக்குக் கீழே

கடைசித் துளையைப் போட்டு முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

டிரில்லிங் மெஷினைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சட்டையெல்லாம் அலுமினியத் தூள். அவள் துடைத்துவிடப் போனாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஆம்ப்ளிஃபயர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. பாட்டுக் கேட்பதற்காக, பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடி வால்வு வைத்து, கல்யாணமான புதிதில் அவரே கட்டியது. அந்தப் பெட்டியைத்தான் அவன் கட்டிக்கிட்டான், நீ துணைக்கு வந்தவ என்று மாமியாரே சொல்லிச் சிரித்ததுண்டு.

அதன் அடிமூடியைக் கழற்றும்போது அவளை அறைக்குள்ளேயே விடமாட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கி அடித்துவிடும் என்பார். வால்வுகளில் ஓடும் கரண்டை அவ்வப்போது சரிபார்த்தாக வேண்டும். அதற்கு, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கைவிட வேண்டும். ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியே பாயாதிருக்க, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு வலது கையால் மட்டும் செய்வார். அவள் கதவுக்கு வெளியே நிற்பாள். "முடிஞ்சுது" என்ற குரல் வரும்வரை அடுப்பில் எது கருகினாலும் நகரமாட்டாள்.

இப்போது அந்த வேலையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்.

பின்பக்கத்துத் துளைகளில் சில, கரண்டை அளக்கும் மீட்டரின் முனையைச் செருக. இரண்டு, கரண்டைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்க்ரூடிரைவரால் திருக. இனி மூடியைக் கழற்ற வேண்டாம். உள்ளே கை போக வேண்டாம். யாரும் செய்யலாம்.

யாரும் என்றால் யார் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலமானால் பாட்டுக் கேட்காமல் இருக்க முடியாதவள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியில் இனி வரவேண்டியதில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை, பரணிலிருந்து டிரில்லிங் மெஷினை எடுத்துத் தரச் சொன்னார்.

அதிலிருந்து இந்த வேலைதான். சோறு இறங்குவதில்லை. கட்டிலிலிருந்து எழ அவள் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துவிட்டால் முதுகு நிமிர்ந்துவிடும்.

இது முடிந்துவிட்டால்?

நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"கனகு, இங்க வா."

வந்தாள். வால்வு சூடேற வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

"இந்த ஓட்டையில தொட்டா ஷாக் அடிக்காது, பயப்படாத. மீட்டர்ல முப்பத்தஞ்சு வரணும். கூடப் போச்சுன்னா உள்ள தகடு செவந்துரும், வால்வு போயிரும். கொறஞ்சா ஒண்ணும் ஆகாது. பாட்டு கொஞ்சம் கரகரங்கும், அவ்வளவுதான்."

அவள் திருகினாள். இருபது. இருபத்தாறு. முப்பத்திரண்டு. முப்பத்து நான்கு.

விரல் நுனியில் அந்த இடம் தெரிந்துவிட்டது. குழம்புக்கு உப்புப் போடுவது போலத்தான். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் போதும்.

பின்னால் அவருடைய மூச்சு கேட்டது.

முப்பத்தைந்து வந்துவிட்டால், அவர் இந்த வீட்டில் செய்து முடிக்க வேறு எதுவும் பாக்கியில்லை.

எதிர்ப்பக்கமாகத் திருப்பினாள். இருபத்தொன்பது.

"எனக்கு வரலைங்க."

"பரவால்ல. நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கை நடுங்குது என்றாள். கண்ணாடி சரியில்லை என்றாள். அவருக்குக் கோபமே வரவில்லை. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது இரண்டாவது தெருவிலேயே தலையில் அடித்துக்கொண்டு இறங்கி நடந்த மனிதர். இப்போது காலையில் கண் விழித்ததும், "இன்னிக்கு வந்துரும் பாரு" என்கிறார். அதற்காகவே அரை டம்ளர் கஞ்சி குடிக்கிறார்.

பொய் சொல்கிறோமே என்று அவளுக்கு உறுத்தவில்லை. அந்தக் கஞ்சி உள்ளே போகிறதே, அது போதும் என்றிருந்தது.

பிறகு அவரால் உட்கார முடியாமல் போனது. கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு, பெட்டியை அதன்மேல் தூக்கி வைத்தாள். ஒருக்களித்துப் படுத்தபடி மீட்டரைப் பார்த்தார்.

திருகினாள். முப்பத்து மூன்று வரை கொண்டுபோனாள். முப்பதுக்கு இறக்கினாள்.

"கனகு."

"ம்."

"தெரியாதவ தப்புப் பண்ணா ஒரு நாள் கூடப் போகும், ஒரு நாள் கொறையும். நீ ஒரு தடவகூட முப்பத்தஞ்சத் தாண்டல."

அவள் திரும்பவில்லை. அவர் தேடித் தேடி வாங்கிவந்த வால்வுகள் அவை. அவற்றைக் கருக்க அவளுக்கு மனம் வந்ததில்லை. அதில்தான் மாட்டிக்கொண்டாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஸ்க்ரூடிரைவரை வைத்தாள். ஒரே திருப்பு. முப்பத்தைந்து. அடுத்த வால்வு. அதுவும் முப்பத்தைந்து.

எண் அசையாமல் நின்றது.

அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று அவளுக்கு உடனே புரியவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தாள்.

படுத்தபடியே எக்கி, பெட்டியின் முதுகைத் தடவினார். அவள் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

திருகினார்.

முப்பத்து மூன்று. முப்பது. இருபத்தேழு.

"இன்னும் சரியா வரல உனக்கு," என்றார். "நாளைக்குப் பாப்போம்."