நட்சத்திரம் போட்ட கட்டம்

அந்த எண்ணை அழித்துவிட்டு, அதே கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டாள் அவள். எத்தனையோ நட்சத்திரம் போட்ட கைதான். இன்றைக்கு மட்டும் அடுத்தவர் கொடியில் துணி உருவியவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

"சைக்கிள் மணி முடிஞ்சுதா?" பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுது சார். மறைச்சாச்சு."

"நல்லது. அந்தச் சரக்கை நாட்டுக்குள்ள இறக்கறவன் ஒரே ஒரு ஆள். எண்ணைப் போட்டா அவன் வியாபாரம் ஊருக்கே தெரிஞ்சு போயிடும். மறைக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியும் கேட்டிருக்கானாம். வெளிய மூச்சு விடாதீங்க."

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் சரக்கின் விவரமெல்லாம் துறைமுகத்திலிருந்து இந்தப் புள்ளிவிவர அலுவலகத்துக்கு வரும். இறக்கியவர் பெயர் இருக்காது, வெறும் பதிவு எண்தான். எந்தச் சரக்கு, எவ்வளவு, என்ன விலை என்று கூட்டி மாதாமாதம் அட்டவணை போடுவது அவள் வேலை. வேலையில் சேரும்போதே வாயைத் திறக்க மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவள்.

அந்தக் கையெழுத்துதான் இப்போது கழுத்தை நெரித்தது. அவளுடைய அண்ணன் சைக்கிள் மணி செய்கிறவர். ஊரில் மணிக்காரர் என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். அப்பா போன பிறகு அந்தப் பட்டறையை ஓட்டித்தான் தங்கையைப் படிக்க வைத்தார். இறக்குமதியாகும் மணியின் விலையோ, அவர் ஒரு மணிக்கு வாங்கும் தகட்டு விலையில் பாதிகூட இல்லை.

கொஞ்ச நாளாகவே அண்ணனுக்குப் போனில் ஒரே கேள்வி. அன்று மத்தியானமும் கேட்டார்.

"பாப்பா, இந்த வெளிநாட்டு மணி எல்லாம் உங்க அட்டவணையில தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாதுண்ணா" என்றாள். பொய் இல்லை. நட்சத்திரத்தில் என்ன தெரியும்?

"அப்பாடா!" என்று அவர் விட்ட மூச்சு அவள் காதை விட்டுப் போகவே இல்லை. போட்டிக்கு ஆள் இல்லை என்று நிம்மதியாகப் போனை வைக்கிறாரே, பாவம்! சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் வாரம் முழுக்கத் தவித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். காப்பியோடு ஒரு புது மணியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள் அண்ணி.

"உன் பொண்ணு சைக்கிளுக்கு மாட்டிக்கோ. உங்கண்ணன் கைபட்ட சரக்கு. எவ்வளவு ஆர்டர் வந்தாலும் சொன்ன தேதிக்கு முடிச்சுடறாரு, மனுஷன்! பின்கட்டுப் பட்டறைக்குள்ள என்னைக்கூட விடறதில்லை, அவ்வளவு வேலை!" என்று பெருமை பேசினாள் அண்ணி. "வீட்டை அடமானம் வெச்சு இன்னொரு மெஷின் வாங்கலாம்னு சொல்றேன். பிடி கொடுக்க மாட்டேங்கறாரு. நாளைக்கு நானே பேங்குக்கு இழுத்துட்டுப் போறேன், பாரு."

அண்ணன் காப்பிக்குக் கையை நீட்டினார். எப்போதும் பாலிஷ் கறுப்பு அப்பியிருக்கும் அந்த நகங்கள் பளிச்சென்று இருந்தன. தங்கை வருகிறாள் என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார் போல. அவள் தன் காப்பியைத் தள்ளி வைத்தாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறோமே என்று கூசிப் போனாள்.

அண்ணி சமையலறைக்குள் போனதும் அவள் உடைந்துவிட்டாள்.

"அண்ணா, நாளைக்கு பேங்குக்குப் போகாதீங்க."

"ஏம்மா?"

"சொன்னா என் வேலை போயிடும். சொல்லலைன்னா உங்க வீடு போயிடும். வேலை போனாப் போகட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவனோ ஒருத்தன் பெட்டி பெட்டியா சைக்கிள் மணி கொண்டுவந்து இறக்கறான். உங்க தகட்டு விலையில பாதிக்கு! ஒரே ஒரு ஆள்ங்கறதால எண்ணை மறைச்சு நட்சத்திரம் போட்டுட்டோம். போட்டது நான்தாண்ணா, இந்தக் கையாலதான். எனக்குச் சோறு போட்ட பட்டறையில நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்."

அண்ணன் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். தங்கையின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"அழாத பாப்பா. உன் வேலை எங்கயும் போகாது. நீ ரகசியத்தை வெளிய யார்கிட்டயும் சொல்லலை."

"உங்ககிட்ட சொல்லிட்டேனேண்ணா!"

"உங்க அண்ணிக்கு மட்டும் தெரிய வேண்டாம்மா" என்றார். "அந்த ஒரு ஆள் நான்தான்."