ஒரே ஒரு பெட்டி

“கல்நெஞ்சுக்காரர்மா அவர். தும்பின்னு ஒருத்தர் எழுதின கட்டுரையை மாசக்கணக்கா கிடப்புல போட்டு வச்சிருக்கார். வேணும், வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலை.”

புதிதாக வந்திருந்த தலைமை ஆசிரியர் பொரிந்து தள்ள, இதழின் மென்பொருளைக் கவனிக்கும் டெவலப்பர் பெண் கேட்டுக்கொண்டு நின்றாள். குற்றவாளி என்னவோ தோட்டப் பகுதி ஆசிரியர்தான். ஆனால் கடைசியில் தன் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த இணைய இதழில் வேலை செய்கிறவர்கள் உள்ளே நுழைந்ததும் பார்க்கிற முதல் பக்கம் டாஷ்போர்டு. அதை அவரவர் இஷ்டப்படி அடுக்கிக்கொள்ளலாம், வேண்டாத பெட்டிகளை எடுத்துவிடலாம் என்று வசதி செய்து கொடுத்தவள் அவள். முதல் நாளே பாதி அலுவலகம் தலைமை ஆசிரியரின் அறிவிப்புப் பெட்டியைத் தூக்கிக் கடாசியது வேறு கதை.

தோட்டப் பகுதி ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, திரையின் நடுவில் ஒரே ஒரு பெட்டியை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தார். ‘தும்பி உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.’

“இஷ்டத்துக்கு விட்டா இப்படித்தான் ஆகும். இன்னிக்கு அந்தக் கட்டுரை வெளியாகணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து எல்லாருக்கும் பழையபடி ஒரே டாஷ்போர்டுதான். அவர் செய்யலேன்னா நீயே அனுப்பிடு, நான் சொன்னேன்னு சொல்லு.”

பார்த்துப் பார்த்துச் செய்த வசதி அது. ஒரு மனிதரின் பிடிவாதத்துக்கு அதைப் பலிகொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நேரே தோட்டப் பகுதி ஆசிரியரின் அறைக்குப் போனாள்.

மற்றவர்களின் கட்டுரைகளை அவர் மெனுவுக்குள் தேடித் தேடி எடுத்து, அன்றன்றே முடித்துவிடுகிறவர். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தும்பியிடம் மட்டும் அப்படி என்ன கோபமோ.

“சார், அந்தத் தும்பி கட்டுரை நல்லா இல்லையா?”

“நல்லா இல்லாம என்ன? வெயில் வராத ஜன்னல்ல என்ன செடி வைக்கலாம்னு எழுதியிருக்கா. ஒரு கமா மாத்த வேண்டியதில்ல.”

“அப்புறம் ஏன் சார் காக்க வைக்கிறீங்க?”

“இருக்கட்டும்மா. அவசரம் ஒண்ணுமில்ல.”

யாருக்கு அவசரமில்லை, உங்களுக்கா அவங்களுக்கா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அந்தத் தும்பியும் லேசுப்பட்ட ஆளாகத் தெரியவில்லை. இத்தனை மாதத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டு ஒரு வரிகூட அனுப்பவில்லை. அந்தப் பொறுமையை நினைத்தால் அவளுக்குப் பாவமாக இருந்தது.

அவர் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வெளியே போனார். அவள் ஒரு கணம் தயங்கினாள். ஒருமுறை வெளியானால் வாசகர்கள் அத்தனை பேருக்கும் அந்த நொடியே மின்னஞ்சல் போய்விடும். கட்டுரையை மறுபடி காத்திருப்புக்குக் கொண்டுவர வழியே கிடையாது. அப்படி ஏற்பாடு செய்தவளும் அவள்தான்.

நல்ல காரியத்துக்கு எதற்கு யோசனை என்று ‘ஒப்புதல்’ பொத்தானை அழுத்தினாள். தும்பியின் பெயர் மறைந்தது. ‘உங்களுக்காக எவரும் காத்திருக்கவில்லை’ என்றது பெட்டி.

திரும்பி வந்தவர் திரையைப் பார்த்தார். பாட்டிலைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார்.

“நானே அனுப்பிட்டேன் சார், தப்பா நினைக்காதீங்க. மேலேர்ந்து சொல்லிட்டாங்க. இனிமே உங்க டாஷ்போர்டை யாரும் தொடமாட்டாங்க. தும்பிக்கும் சந்தோஷமா இருக்கும்.”

“தும்பி என் வீட்டுக்காரிம்மா.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சொந்த மனைவியைத் தூக்கிவிடுகிறார் என்று நாலு பேர் பேசுவார்களே எனத்தான் மனிதர் கூச்சப்பட்டிருக்கிறார். இதற்குப் போய்க் கல்நெஞ்சு, அது இது என்று என்னவெல்லாம் பேசிவிட்டார்கள்.

“அட, இதுக்குத்தானா சார்? நல்லதாப் போச்சு. இன்னிக்கு வீட்டுக்குப் போனா உங்களுக்குத் திட்டு விழாது.”

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. அவள் மேல் கோபம் மட்டும் துளியும் இல்லை.

“அவ கண்ணை மூடினப்புறம் வீட்டுல யாரும்மா இருக்காங்க? இங்க மட்டும்தான் அவ இன்னும் எனக்காகக் காத்துக்கிட்டிருந்தா.”