முன்னே வரும் வாசனை

“நான் வர்றதுக்கு முன்னாடி என் வாசனை வரணும்மா. அந்த மாதிரி ஏதாவது இருக்கா?”

சென்ட் கவுண்டரில் நின்ற விற்பனைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் சீருடை. இதுவரை சென்ட் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர் என்பது கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதத்திலேயே தெரிந்தது.

“நல்லா ஸ்ட்ராங்கா வேணுமா சார்?”

“ஐயோ வேணாம்மா! தினமும் போடணும். தலைவலி வரக் கூடாது. ஆனா ரூமுக்கு அந்தக் கடைசியில இருக்கறவங்களுக்கும் நான் வந்தது தெரியணும்.”

பக்கத்துக் கவுண்டரில் லிப்ஸ்டிக் அடுக்கிக்கொண்டிருந்த தோழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

விற்பனைப் பெண் காகிதத் துண்டில் ரோஜா வாசனையைப் பீய்ச்சி நீட்டினாள்.

“இது சரிப்படாது. என் வீட்டுக்காரி தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் இதே வாசனைதான்.”

எலுமிச்சை கொடுத்தாள்.

“பாத்திரம் தேய்க்கிற சோப்பு.”

சந்தனம்.

“துணி பீரோ. வீட்டுல வேற எதுலயும் இல்லாத வாசனையா குடும்மா. மூக்குல பட்டா நான்தான்னு தெரியணும், வேற எதையும் நினைக்கக் கூடாது.”

யார் நினைக்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, கீழ்த்தட்டிலிருந்து ஒரு பச்சை பாட்டிலை எடுத்தாள். அப்போதுதான் நனைந்த மண்ணும், வேரோடு பிடுங்கிய புல்லும் கலந்த வாசனை.

அவர் கண்ணை மூடி முகர்ந்தார். முகம் தெளிந்தது.

“இதுதாம்மா! நாங்க அஞ்சாவது மாடி. வீட்டுல ஒரு பூந்தொட்டி கூட கிடையாது. வேர்த்தா போயிடுமா?”

“சாயங்காலம் வரைக்கும் நிக்கும் சார். எதுக்கும் மேடத்தையும் ஒருதரம் கூட்டிட்டு வந்து காட்டிட்டு வாங்கிக்கங்களேன்.”

“அவளுக்கு விஷயம் தெரிய வேணாம்மா” என்றார் அவசரமாக. “தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா.”

அவர் போனதும் தோழி வந்து இடுப்பில் இடித்தாள். “பெருசுக்கு எங்கேயோ மனசு பறிபோயிடுச்சுடி!”

விற்பனைப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அக்கா வீட்டுக்காரரும் ஒருநாள் திடீரென்று சென்ட் போட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊருக்கே தெரிந்த விஷயம் அக்காவுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று அக்கா இன்றைக்கும் புலம்புகிறாள்.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். கூடவே ஒல்லியாக ஒரு பெண்மணி, தோளில் துணிப்பையோடு.

“அதே பச்சை பாட்டில்தாம்மா. மாத்திக் கொடுத்துடாதே. குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கணும், மேல போயிட்டு வந்துடறேன்.”

மனைவியின் தோளைத் தொட்டு, மாடியைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார். கடைக்காரியிடம் அவ்வளவு பேச்சு, கட்டியவளிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று விற்பனைப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மாள் எதிரே சோப்பு அலமாரியின் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தாள். விற்பனைப் பெண் கவுண்டரை விட்டு வெளியே வந்தாள். சொல்வதா, வேண்டாமா? அக்காவின் முகம் கண்முன் வந்தது.

“அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் இந்த வயசுல எதுக்குத் திடீர்னு சென்ட் போடறாருன்னு கேட்டீங்களா?”

அந்த அம்மாள் கையிலிருந்த சோப்பை மூக்கருகே கொண்டுபோனாள்.

“உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்டயே சொன்னாரும்மா. கொஞ்சம் கண் வெச்சுக்கங்க. எங்க அக்கா இப்படித்தான் ஏமாந்து போனா.”

அந்த அம்மாள் திரும்பக்கூட இல்லை. ஒரு சோப்பை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். விற்பனைப் பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. நல்லது சொல்ல வந்தவளை இப்படியா நிற்க வைப்பது? இவ்வளவு மிதப்பு இருந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?

“வந்துட்டீங்களா?” என்றாள் அந்த அம்மாள், சோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே. “இது நல்லா இருக்கு, பாருங்க.”

விற்பனைப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஓட்டுநர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ!

“சார், நான் வந்து...”

“பரவாயில்லம்மா, நீ சொன்னது எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது” என்றார் அவர், துளியும் கோபமில்லாமல். “போன வருஷம் வந்த காய்ச்சல்ல ரெண்டு காதும் போயிடுச்சு. நான் பின்னாடி வந்து நின்னாலே தூக்கிவாரிப்போட்டு அலறுவா, ஒருதரம் கொதிக்கிற வெந்நியைக் கையில கொட்டிக்கிட்டா. இப்ப நான் கதவைத் திறந்ததுமே திரும்பிப் பார்த்து, ‘இந்த வயசுல ஷோக்கு கேக்குதா’ன்னு சிரிக்கிறாம்மா.”