எதிரி இல்லாதவருக்கு விசா இல்லை

மகள் இருக்கும் நாட்டின் விசா இயந்திரம் பூவராகனை நிராகரித்துவிட்டது. அவர் ஊர் திரும்புவார் என்று நம்ப முகாந்திரம் இல்லையாம். பிறந்து மூன்று மாதமான பேத்தியை அவர் இன்னும் போன் திரையில்தான் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"வீடு, பென்ஷன், நிலம் எல்லாம் காட்டியாச்சேம்மா! இன்னும் என் தலையையா வெட்டிக் காட்டணும்?" என்று விசா ஏஜென்ட் பர்வீனிடம் பொரிந்து தள்ளினார்.

"அதையெல்லாம் மெஷின் மதிக்கிறதில்ல சார். சொத்தை விட்டுட்டு அங்கேயே தங்கினவங்க நிறைய பேர். சண்டையைப் பாதியில விட்டுட்டுத் தங்கினவங்க ஒருத்தர்கூட இல்ல. உங்களுக்கு எதிரி யாராவது இருக்காங்களா?"

ஒருவரும் இல்லை. இத்தனை வயதுவரை நல்ல மனிதராகவே இருந்து தொலைத்திருந்தார்.

வேறு வழியின்றி மாடிவீட்டு நண்பர் அந்தோணியிடம் கெஞ்சினார். அந்தோணியும் நட்புக்காக, இவருடைய கார் நிறுத்தும் இடத்தில் தன் ஸ்கூட்டரை நிறுத்தினார். இவர் அதன் காற்றைப் பிடுங்கினார். அவர் பால்கனியிலிருந்து இவர் தலையில் தண்ணீர் ஊற்றினார். இவர் வக்கீலைப் பார்த்தார். இதற்குள் நடிப்பதை இருவருமே மறந்திருந்தார்கள்.

வழக்கு எண்ணைச் சேர்த்து மறுபடி விண்ணப்பித்ததும் விசா வந்துவிட்டது.

"எந்த ஃப்ளைட்டுப்பா?" என்று மகள் துள்ளினாள்.

"என்னத்த ஃப்ளைட்டு? நான் நகர்ந்தா அவன் அங்க ஷெட்டே போட்டுருவான். வியாழக்கிழமை வாய்தா வேற."

"அப்பா! பாப்பாவைப் பார்க்க வேண்டாமா?"

பூவராகன் போனை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளியே நின்ற ஸ்கூட்டரைப் பேத்திக்குக் காட்டினார்.

"நல்லாப் பார்த்து வெச்சுக்கோ கண்ணு. இந்த வண்டிக்காரன்தான்."