திருப்பி வைத்த திரை

ஹஸ்னாவின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்த டாக்டர் இசபெல், திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எப்போதும் ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்பவர், இன்று வெகுநேரம் பார்த்தும் பேசவில்லை.

"ஆணா பொண்ணான்னு சொல்லக் கூடாதுன்னு சட்டம். அதான் வாயே தொறக்க மாட்டேங்கிறீக," என்றாள் மாமியார் ரோஷன் பேகம். "பொண்ணுதான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு டாக்டரம்மா."

ஹஸ்னா பயத்துடன் மாமியாரைப் பார்த்தாள்.

"ஏம்மா முழிக்கிற? எனக்கு நாலும் ஆம்பளைப் பிள்ளைக. பட்டாசு லோடு, ஆர்டர்னு ஓடிருதுக. தலை பின்னிவிட ஒரு பேத்தி வேணும்னு அல்லாகிட்ட எம்புட்டு துஆ கேட்டிருக்கேன்."

இசபெல் திரையை மெல்ல அவர்கள் பக்கம் திருப்பினார்.

"சத்தத்தை உள்ள அனுப்பி எடுக்கிற படம்மா இது. எலும்புல மோதித் திரும்பி வந்தா வெள்ளையாத் தெரியும். இது முதுகெலும்பு. இது முகம். நெத்திக்கு மேல வெள்ளையா ஒரு வளைவு தெரியணும். எல்லாப் பக்கமும் தேடிட்டேன், இல்லை. மண்டையோடு உருவாகவே இல்லை. பிறந்தாலும் பிழைக்காதும்மா."

ஹஸ்னா விசும்பினாள். ரோஷன் பேகம் அவள் கையைப் பற்றிக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க டாக்டரம்மா," என்றாள். "பேரு வச்சுத்தானே அடக்கம் பண்ணணும்."